படத்துக்கு நான் போட்ட சொற்கள்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அதற்குப் பிறகு நான் பேனை பிடித்ததெல்லாம் வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் கையொப்பம் வைக்கத்தான். எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒவ்வொருவரும் தங்கள் தொழிலைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று மாசி மாதமே கேட்டுவிட்டார்கள். வாழைத் தோட்டத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் நீர்வேலியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இணையத்தில் படம் விற்கிறவன் நான் ஒருவன்தான். அதனால் அதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதத் தொடங்கினால் அந்தத் தொழிலில் நான் விட்ட ஒரு பெரிய பிழைதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு நாள் இழுத்தடித்ததும் அதனால்தான். மலருக்குப் பொறுப்பானவர் எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். நடந்ததைத் திருத்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவருடைய பெயரும் இதில் இல்லை.

என் மனிசியின் தம்பி சுவிசில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு கோயில் திருவிழாவுக்கு வந்து நின்றவர், திரும்பிப் போகும்போது தன் பழைய கமராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

“அத்தான், உங்களுக்கு ஆக்களோடை கதைக்கிறது பஞ்சி. இதுக்குக் கதை தேவையில்லை. வைச்சிருங்கோ” என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் உண்மை. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோனால் விலை பேசுவது என் மனிசி. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கலியாண வீட்டுக்குப் போனால் சமையல் நடக்கிற பக்கமாகப் போய் விறகு தள்ளிக்கொண்டு இருப்பேன். கமரா வந்த பிறகு, ஒரு இடத்தில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. விடிய எழும்பித் தோட்டத்துக்குப் போய், குருத்து விரிகிறதையும் வாழைப் பொத்தியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதையும் செம்மண் வாய்க்காலில் தண்ணீர் வளைந்து போகிறதையும் எடுப்பேன். எடுத்த படங்களை ஒருவருக்கும் காட்டுவதில்லை.

சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர் என்னோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தவர். அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும் படம் எடுப்பவர். ஒருநாள் கமராவின் பற்றரிக் கதவு இறுகிவிட்டது என்று அவரிடம் கொண்டுபோனபோது உள்ளே இருந்த படங்களைப் பார்த்துவிட்டார்.

“டேய் மச்சான், உதுகளை ஏன்டா பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறாய்? உந்தப் படங்களை வாங்க ஆக்கள் இருக்கினம்.”

“வாழையிலையை ஆர் வாங்குறது?”

“வாழை இல்லாத நாட்டுக்காரன் வாங்குவான்.”

அவர்தான் எனக்கு அந்தத் தொழிலைச் சொல்லித் தந்தார். படங்களைச் சேர்த்து வைத்து விற்கிற கம்பனிகள் இணையத்தில் இருக்கின்றன. நாங்கள் படத்தை அனுப்பினால் அவர்கள் சோதித்து, நல்லது என்றால் தங்கள் கடையில் போடுவார்கள். உலகத்தில் எங்கோ ஒருவருக்குப் புத்தகத்துக்கோ விளம்பரத்துக்கோ ஒரு படம் தேவை என்றால், அவர் அங்கே போய்த் தேடி வாங்குவார். எங்களுக்கு ஒரு பங்கு வரும். வாங்கினவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எடுத்தவன் யார் என்று அவருக்கும் கவலையில்லை. ஒருவரோடும் கதைக்காமல் செய்யக்கூடிய வியாபாரம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. எந்த இடத்தில் எதை அமத்தவேண்டும் என்று இடத்தைத்தான் பாடமாக்கி வைத்திருந்தேன். வந்த செய்திகளைப் போன் தமிழாக்கித் தரும். முதல் அனுப்பிய பத்துப் படங்களில் ஒன்றையும் அவர்கள் எடுக்கவில்லை. ஒரு குலையின் படத்துக்கு, ‘உங்கள் படத்தில் சத்தம் அதிகம்’ என்று போன் காரணம் சொன்னது. அந்தப் படத்தை எடுத்த நேரம் பக்கத்தில் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. நான் மோட்டரை நிறுத்திவிட்டு அதே குலையைத் திரும்ப எடுத்து அனுப்பினேன். அதற்கும் சத்தம் அதிகம் என்றே வந்தது. மூன்றாவது முறை, காகங்களும் இல்லாத நேரம் பார்த்து எடுத்தேன்.

ஸ்ரூடியோக்காரர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “விசரா, வெளிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியா வந்திருக்கு. அதைத்தான் அவங்கள் தங்கடை பாசையிலை ‘நொய்ஸ்’, சத்தம் எண்டு சொல்லுறாங்கள். நல்ல காலம், மனிசியைக் கதைக்காதை எண்டு சொல்லாமல் விட்டாய்.”

பிறகு பழகிவிட்டேன். ஒரு குருத்திலையின் படம் முதலில் விற்றது. படம் விற்றால் போன் சின்னதாக ஒரு மணி அடிக்கும். அன்றைக்கு மனிசி எனக்குத் தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டுத் தந்தா.

இனி வருகிற இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசிக்கவேண்டும்.

படத்தை அனுப்பினால் மட்டும் போதாது. அதோடு சொற்களும் போடவேண்டும். வாங்குபவர்கள் சொல்லை வைத்துத்தான் தேடுவார்கள். ‘வாழை’ என்று தேடுகிறவருக்கு என் படம் தெரியவேண்டும் என்றால் நான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கவேண்டும். அதுவும் ஆங்கிலத்தில், ஒரு படத்துக்கு முப்பது நாற்பது சொற்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு சுகமான வழி வைத்திருந்தார்கள். எங்கள் படத்தைப் போல இருக்கிற, ஏற்கெனவே நன்றாக விற்கிற மூன்று படங்களைத் தெரிவு செய்தால், அந்தப் படங்களின் சொற்கள் எல்லாம் வந்து எங்கள் படத்துக்குக் கீழே விழும். எல்லாவற்றையும் சேர் என்று ஒன்று இருக்கும். அதை அமத்தினால் வேலை முடிந்தது. வாழையிலைக்கு வேறு மூன்று வாழையிலைகளின் சொற்களைப் போடுவதில் என்ன பிழை வரப்போகிறது? நான் ஒருநாளும் அந்தச் சொற்களைத் தமிழாக்கிப் பார்த்ததில்லை.

இலையும் குலையும் விற்றாலும் அருந்தலாக, எப்போதாவது ஒன்றுதான் விற்கும். ஆட்கள் நிற்கிற படங்கள்தான் ஓடும் என்று ஸ்ரூடியோக்காரர் சொன்னார். ஆனால் ஒருவருடைய முகம் தெரிகிற படம் என்றால் அவர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். ‘என் படத்தை விற்கச் சம்மதம்’ என்று. சாட்சிக்கு இன்னொருவரும் வைக்கவேண்டும். எங்கள் ஊரில் இது லேசான காரியமில்லை. சண்டை நாட்களில் ஆமிக்காரர் குடும்பத்தை வாசலில் நிறுத்திப் படம் எடுத்து, பெயர் பதிந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போன காலத்தை நாங்கள் ஒருவரும் மறக்கவில்லை. நான் இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் துணிந்து கேட்டால், ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“படமும் எடுத்துக் கையெழுத்தும் வாங்கிறியோ? பேந்து ஆரிட்டைக் குடுக்கப்போறாய்?” என்று ஒருவர் கேட்டார். என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர். அவரில் பிழையில்லை. நான் படிவத்தை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேலிக்கு அங்காலிருந்து ஒரு குரல் கேட்டது.

“தம்பி, ஊரெல்லாம் கையெழுத்துக் கேட்டுத் திரியிறியாம். என்னட்டை மட்டும் ஏன் கேக்கேல்லை?”

அது எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா. என்னிலும் நாலைந்து வயது மூத்தவ. தனிய நின்று தன் வாழைத் தோட்டத்தைப் பார்க்கிறவ.

“இல்லையக்கா…” என்றேன்.

“என்ன இல்லையக்கா? படத்துக்கு நிக்க நான் வடிவில்லையோ?”

“அவருக்கு உங்களைக் கேக்கப் பயமக்கா” என்றா என் மனிசி. “கலியாணம் பேசி வந்த அண்டைக்கும் என்ரை அப்பாவோடை கதைச்சிட்டுத்தான் போனவர். என்னைப் பாக்கவேயில்லை.”

அக்கா சிரித்தா. பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டா. “உந்தப் படங்கள் எங்கையெல்லாம் போகும் தம்பி?”

“எல்லா நாட்டுக்கும் போகுமக்கா.”

“லண்டன், கனடா?”

“ஓம்.”

“இத்தாலி?”

“ஓம் அக்கா. அங்கையும்.”

அவ இத்தாலி என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. அவவின் மனிசன் வெளிநாட்டுக்கென்று வெளிக்கிட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல். இடையில் எங்கெங்கோ நின்று, கடைசியாக இத்தாலியில் இருந்து ஒருநாள் போன் எடுத்தார். வேலை கிடைத்துவிட்டது, இடம் மாறப்போகிறேன், மாறினதும் எடுக்கிறேன் என்று சொன்னாராம். பிறகு எடுக்கவில்லை. அந்த இலக்கமும் வேலை செய்யவில்லை. அவர் அங்கே வேறு குடும்பம் எடுத்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை. ஆளே இல்லை என்று இன்னொரு கதை. அக்கா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிய முழுகிக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் வெளியில் வருவா. நல்ல காரியங்களுக்குப் போனால் முன்வரிசையில் இருப்பா. யாராவது முகம் சுளித்தால், “ஏன், என்ரை மனிசன் செத்ததை நீ கண்டனியோ?” என்று நேரே கேட்பா.

“நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா உந்தத் தோட்டக் கோலத்திலை எடுக்கக்கூடாது. நான் சீலை உடுத்து வடிவா நிக்கேக்கை எடு. அவர் எங்கையாவது கண்டால், இவள் குறையில்லாமல் இருக்கிறாள் எண்டு விளங்கவேணும்.”

நான் தலையாட்டினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னா.

நான் ஆறரைக்கே போய்விட்டேன். காலை வெளிச்சம் எட்டு மணிக்குக் கெட்டுவிடும் என்ற நினைப்பு. அக்கா இன்னும் தோட்டத்தில் நின்றா. ஒரு பழைய ஆம்பிளைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டி, தலையில் துவாய் கட்டி, ஒரு குலையின் பாரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தா. இலைகளுக்கு நடுவால் வெயில் அவவின் முகத்தில் பாதியில் விழுந்தது. நெற்றிக் குங்குமம் வேர்வையில் அழிந்துபோயிருந்தது. தடியைத் தோளால் தள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மேலே பார்த்தா. நான் எடுத்துவிட்டேன். நாலைந்து தரம்.

சத்தம் கேட்டுத் திரும்பினா. “டேய், இப்ப எடாதை! நான் முழுகேல்லை. எட்டு மணிக்கெல்லோ வரச்சொன்னனான்?”

“சரியக்கா” என்றேன்.

எட்டு மணிக்குப் பச்சைச் சீலை உடுத்து, தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டு, பெரிய பொட்டோடு குரோட்டன் சாடிகளுக்கு முன்னால் வந்து நின்றா. அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றா. கொஞ்சம் சிரியுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்தேன். படிவத்தில் கையெழுத்து வைத்தா. என் மனிசி சாட்சிக்கு வைத்தா. அக்கா எங்களுக்கு வடையும் தேத்தண்ணியும் தந்தா.

சீலைப் படத்தைக் கம்பனி எடுக்கவில்லை. முகம் தெளிவில்லை, பின்னுக்கு நிற்கிற சாடிகள்தான் தெளிவு என்று காரணம் வந்தது. வேறு இரண்டை அனுப்பினேன். அவையும் திரும்பி வந்தன. அப்போது தோட்டத்தில் எடுத்த படம் கமராவில் கிடந்தது. எடாதை என்று அவ சொன்ன படம். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் எடுத்த படங்களிலேயே அதுதான் திறம். கையெழுத்து இருக்கிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன். சொற்கள் போடும் இடம் வந்தது. வயலில் வேலை செய்கிற பெண்களின் படங்கள் மூன்றைத் தெரிவு செய்தேன். எந்த நாட்டுப் பெண்களோ தெரியாது. முகத்தில் பாதி வெயில், தலையில் துணி. அக்காவின் படத்தைப் போலவே இருந்தன. சொற்கள் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் சேர்த்தேன்.

அடுத்த நாளே ஏற்றுக்கொண்டார்கள்.

“தம்பி, என்ரை படம் போட்டாச்சோ?” என்று அக்கா வேலிக்கு அங்காலிருந்து கேட்டா.

“ஓம் அக்கா.”

எந்தப் படம் என்று அவ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் படம் ஓடத் தொடங்கியது. கிழமையில் இரண்டு மூன்று தரம் மணி அடிக்கும். அது என்னுடைய குருத்திலைகளையெல்லாம் முந்திக்கொண்டு போனது. ஒவ்வொரு தரமும் சந்தோசமும் வந்தது, வேலிப் பக்கம் பார்க்கக் கூச்சமும் வந்தது.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை நானும் மனிசியும் முற்றத்தில் இதரை வாழைக்குலைகளைச் சீப்பாக வெட்டிக்கொண்டிருந்தோம். அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையில் போன். வந்தவ இருக்கவில்லை.

“தம்பி, உதை ஒருக்கால் வாசி.”

போனில் அக்காவின் படம். தோட்டத்துப் படம். அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஏதோ ஆங்கிலத்தில் இருந்தது.

“எனக்கு இங்கிலீசு தெரியாதக்கா.”

“எனக்கும் தெரியாது. கனடாவிலை இருக்கிற தங்கச்சியின்ரை பெட்டைக்குத் தெரியும். அவள்தான் கண்டு அனுப்பினவள். ஏதோ காசு சேர்த்து உதவி செய்யிற இடமாம். ‘ஒரு ஏழைக் கைம்பெண்ணுக்கு உதவுங்கள்’ எண்டு கிடக்காம்.”

என் கையிலிருந்த கத்தியை மனிசி மெல்ல வாங்கி நிலத்தில் வைத்தா.

அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“என்ரை தாலியை அறுத்தது ஆர் தம்பி?”



“அக்கா, இவர் அப்பிடி எழுதியிருக்கமாட்டார்” என்றா மனிசி. “இவருக்கு ஒரு சொல்லும் தெரியாதே.”

“அப்ப ஆர் எழுதினது? நான் கையெழுத்து வைச்சனான். நீ சாட்சி வைச்சனி. நடுவிலை ஆர் வந்து எழுதினது?” அவவின் குரல் அப்போதுதான் உடைந்தது. “ஊர்ச்சனம் சொன்னால் நான் திருப்பிச் சொல்லுவன். இது என்ரை மனிசன்ரை கண்ணிலை பட்டால்? ‘நான் செத்துப்போனன் எண்டு இவள் எழுதிப் படமும் பிடிச்சுப் போட்டிருக்கிறாள்’ எண்டெல்லோ அவர் நினைப்பார். கையெழுத்தும் நான்தானே வைச்சிருக்கிறன். பேந்து அந்த மனிசன் என்னத்துக்குப் போன் எடுக்கப்போகுது?”

அவ போய்விட்டா. மனிசி என்னைப் பார்த்து, “ஏனப்பா, சீலையோடை எடுத்த படமெல்லோ போட்டனீங்கள்?” என்று கேட்டா. இல்லை என்று அப்போதுதான் சொன்னேன்.

நான் நேரே சந்திக்குப் போனேன். ஸ்ரூடியோக்காரர் கணினியில் என் படத்தைத் திறந்து, கீழே இருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். பெண். வயல். ஆசியா. ஏழை. பசி. தனிமை. துக்கம். முதுமை. கைம்பெண். நாற்பத்திரண்டு சொற்கள். அந்த மூன்று படங்களில் இருந்த யாரோ மூன்று பெண்களின் துக்கத்தை அப்படியே தூக்கி அக்காவின் தலையில் கட்டியிருந்தேன். உதவி செய்கிற இடத்துக்காரர் ‘கைம்பெண்’ என்று தேடியிருப்பார்கள். என் படம் வந்திருக்கும். குங்குமம் இல்லை, தாலி சேட்டுக்குள்ளே. அவர்கள் நம்பியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

“நீ ஏன்டா பயப்பிடுறாய்?” என்றார் ஸ்ரூடியோக்காரர். “அவ கையெழுத்து வைச்சிட்டா. சட்டப்படி உனக்கு ஒண்டும் வராது. பேசாமல் விடு. உனக்கு உதுதானே ஓடுற படம்?”

“நான் சட்டத்துக்குப் பயந்து வரேல்லை மச்சான். அழிக்கிறது எப்பிடி எண்டு காட்டு.”

அவர் காட்டினார். அமத்தினால் படம் கடையிலிருந்து போய்விடும். ஏற்கெனவே வாங்கினவர்களிடம் இருப்பது போகாது. நான் அமத்தப் போனேன். பிறகு கையை எடுத்தேன். ஒரு தரம் அவவைக் கேட்காமல் போட்டேன். இப்போது கேட்காமல் அழிப்பதும் அதே வேலைதான் என்று பட்டது. சொற்களை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் அக்கா வாய்க்கால் கட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டும் மண்வெட்டியை நிறுத்தவில்லை. வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன். நீங்கள் எடாதை என்று சொன்ன படத்தைத்தான் போட்டேன், உங்களிடம் மறைத்தேன், இந்தச் சொற்களை வாசிக்காமல் போட்டதும் நான்தான், வேறு ஒருவருமில்லை என்று. என் வாழ்க்கையில் ஒருவரோடும் நான் அவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. சொல்லி முடிக்கும்போது தண்ணீர் வேறு பாத்திக்குள் உடைத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“முதல் உந்த உடைப்பை அடை” என்றா.

நான் மண் அள்ளிப் போட்டு அடைத்தேன். அவ கை கழுவிக்கொண்டு வந்து வரம்பில் இருந்தா.

“அந்தப் படத்தைப் பெரிசாக் காட்டு. நான் அந்த இங்கிலீசு எழுத்தைத்தான் பார்த்தனான். படத்தைப் பாக்கேல்லை.”

போனில் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவ கனநேரம் பார்த்தா.

“இது அவரின்ரை சேட்டு” என்றா. “போகேக்கை விட்டிட்டுப் போனது. தோட்டத்துக்கு அதைத்தான் போடுறனான்.” பிறகு, “குலை நல்ல பெரிசு. போன மாரி மழைக்குப் பிறகு வந்ததுதானே?” என்றா.

“ஓம் அக்கா.”

“உனக்குக் கோபக்காரியாத் தெரியிறனோ நான் இதிலை?”

“இல்லையக்கா. பலமான ஆளாத் தெரியிறியள்.”

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னது எனக்கே புதினம்.

“அழிக்கவோ அக்கா? நீங்கள் சொன்னால் இப்பவே அழிச்சுப்போடுவன். ஆனா முந்தி வாங்கின ஆக்களிட்டை இருக்கிறது போகாது.”

“அழிச்சால், அந்தக் கைம்பெண் எண்டு போட்டது மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கும். அழிக்காதை. அந்தத் தாளை வாசி.”

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“முதுமை.”

“ஆருக்கு? எனக்கு இப்பதான் அம்பது. வெட்டு.”

“பசி.”

“அண்டைக்கு நீ வடை தின்னேக்கை நான் பசியோடையே நிண்டனான்? வெட்டு.”

“துக்கம்.”

“அந்தக் குலையைத் தோளிலை தாங்கிக்கொண்டு நீ நிண்டு பார். சிரிப்பு வருதோ எண்டு சொல்லு. அது துக்கமில்லை, பாரம். வெட்டு.”

“தனிமை” என்று வாசித்தேன். அவ பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்தா.

“அது கிடக்கட்டும்” என்றா. “பொய்யில்லைத்தானே.”

கைம்பெண் என்ற சொல்லை நான் வாசிக்கவில்லை. நானே வெட்டினேன். அவ அதைக் கண்டா. அந்த இடத்தில் என்ன போடவேண்டும் என்று கேட்டேன்.

“மணமானவள் எண்டு போடு. முதலாவதாப் போடு.”

பிறகு வாழை, செம்மண், தோட்டக்காரி, யாழ்ப்பாணம் என்று சொல்லிக்கொண்டே போனா. இத்தாலி என்றும் ஒரு சொல் போடலாமோ என்று கேட்டா. எடுத்த இடத்துக்கு வேறு நாட்டின் பெயரைப் போட்டால் கம்பனி திருப்பி அனுப்பும் என்றேன். “சரி, விடு” என்றா. மறுநாள் நான் ஸ்ரூடியோவுக்குப் போய், ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலமாக்கி, திரும்பத் தமிழாக்கிப் பார்த்து, சரியென்று கண்டபிறகுதான் போட்டேன். இருபத்தொரு சொற்கள். அரைநாள் எடுத்தது.

உதவி செய்கிற அந்த இடத்துக்கு அக்காவின் தங்கச்சி மகள் கனடாவிலிருந்து எழுதினா. நானும் ஸ்ரூடியோக்காரரைக் கொண்டு கம்பனிக்கு, பிழை என்னுடையது என்று எழுதிவித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் எழுத்தை மாற்றி, ‘வாழை பயிரிடும் ஒரு பெண்’ என்று போட்டார்களாம். மற்ற இடங்களில் வாங்கினவர்கள் என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவரப்போவதும் இல்லை. அதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். “அவர் அதுகளைக் காணாமல் இதைக் கண்டால் போதும்” என்றா.

அதற்குப் பிறகு நான் ஆட்களை எடுத்தால், கமராவிலேயே படத்தை அவர்களுக்குக் காட்டி, எது போகலாம் என்று கேட்டுத்தான் அனுப்புகிறேன். சொற்களையும் வாசித்துக் காட்டுவேன். இதனால் ஒவ்வொருவரோடும் ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டியிருக்கிறது. மனிசிக்கு அது பெரிய பகிடி. கதைக்காமல் செய்யிற தொழில் என்றுதானே தொடங்கினீங்கள் என்று கேட்பா.

அக்காவின் படம் இப்போதும் கடையில் இருக்கிறது. சொற்களை மாற்றின நாளிலிருந்து அது ஒருதரம்கூட விற்கவில்லை. போன கிழமை அக்கா வேலிக்கு அங்காலிருந்து கேட்டா.

“தம்பி, என்ரை படம் எங்கையும் போச்சுதோ?”

போச்சுது என்று சொல்ல ஒரு நிமிசம் வாய் வந்தது.

“இல்லையக்கா. ஒருதரும் வாங்கேல்லை.”

“வாங்காட்டி விடு. ஆரும் தேடினால் தெரியுந்தானே?”

“தெரியும். மணமானவள், வாழை, யாழ்ப்பாணம் எண்டு தேடினால் முதலாவதா வருது. நான் தேடிப் பார்த்தனான்.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு, குலைக்கு முட்டுக் கொடுக்கத் தடியைத் தூக்கிக்கொண்டு போனா.

நீர்வேலி,
புரட்டாதி மாதம், இரண்டாவது சனிக்கிழமை.